பூஜ்யம் மட்டும் பாக்கி

குன்னத்தில் அன்றைக்குப் புதுமனை புகுவிழா. பால் பொங்கினால்தான் வீடு விளங்கும் என்று அம்சவள்ளி காலையிலிருந்தே அடுப்பை விட்டு நகரவில்லை. மகள் சத்யப்பிரியாவோ விசேஷ வீட்டிலும் லேப்டாப்பும் கையுமாகத்தான் இருந்தாள். அந்த லேப்டாப்புக்குள் ஒரு மாதிரிப் பிரபஞ்சத்தையே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஈர்ப்புவிசையின் அளவை மாற்றினால் நட்சத்திரங்கள் என்ன ஆகும் என்பது அவள் ஆராய்ச்சி. சாயங்காலத்துக்குள் முடிவுகளை அனுப்பாவிட்டால் நாலு வருஷப் படிப்பும் வீண்.

ஈர்ப்பைப் பாதியாகக் குறைத்தாள்.

“ஏய் சத்யா, பாலு தளதளன்னு கொதிக்குது, பொங்க மாட்டேங்குதுடி!” என்று அம்சவள்ளி கத்தினாள்.

“தண்ணிய ஊத்தி வச்சா எப்புடி பொங்கும்?” என்று பெரியம்மா நொடித்தாள்.

சத்யப்பிரியா ஈர்ப்பின் பழைய அளவையே திரும்ப அடித்தாள். பால் குபுக்கென்று பொங்கி அடுப்பை அணைத்தது. குலவை கேட்டது. சந்தேகம் தீர மறுபடி பாதியாக்கினாள். பெரியம்மா டம்ளரில் ஊற்றிய பால் சாவகாசமாக இறங்கியது. சட்டென்று பழையபடி மாற்றினாள்.

இன்னும் ஒரே ஒரு எண்தான் பாக்கி, பூஜ்யம். அது இல்லாத ஆய்வை அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வாங்கவே மாட்டார்.

“அம்மா, எல்லாரையும் உள்ள கூப்புடு. பந்தல்ல ஒருத்தரும் இருக்கக் கூடாது.”

“பந்தி போடற நேரத்துல என்னடி கூத்து?”

“கான்கிரீட்டு போட்ட வூடுதானே, தாங்கும். கொஞ்ச நேரந்தான். தலைய எண்ணிக்க.”

நாற்பத்தாறு பேரும் உள்ளே வந்தார்கள். சத்யப்பிரியா கதவைச் சாத்திவிட்டுப் பூஜ்யத்தை அடித்தாள்.

ஜன்னலைப் பார்த்தபோதுதான், பூஜைக்கு ஓட்டிவந்த கன்றுக்குட்டியின் நினைவு வந்தது. முளைக்குச்சியில் கட்டிய கயிறு வானத்தைப் பார்த்து நேராக விறைத்து நின்றது.