தாப்பா வரை நீண்ட எல்லை

"இந்தக் காப்ப அவுத்து விடுங்கப்பா."

புனிதா இடது கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கட்டிய நூல். அம்மனுக்குக் கட்டிய காப்பைத் திருவிழா முடியும் முன்னால் அவிழ்க்கச் சொல்லி வாய் தவறிக்கூடக் கேட்கக் கூடாது என்று பால்பல் விழுந்த வயதிலிருந்து அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

உடையப்பன் நாற்காலியை விட்டு அசையவில்லை. மகன் பவித்ரன் மலேசியக் கடற்படையில் சேர்ந்ததிலிருந்து ஈப்போவை ஒட்டிய சிலிபினில் அவருக்குப் பெயரே 'நேவி அப்பா'தான். கடற்படைத் தொப்பியோடு பசாரில் மீன் வாங்குவார், தொப்பியோடு சாப்பாட்டுக் கடையில் உட்காருவார், துக்க வீட்டிலும் தொப்பியோடுதான் நிற்பார். மகன் வெளிநாட்டுக் கடலில் கூட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தான். அப்பா இங்கே கரையில் நின்று வணக்கம் வாங்கிக்கொண்டிருந்தார்.

மகன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று நேர்ந்துகொண்டது அவர். காப்பு ஏறியது மகளின் கையில். தனக்கு இனிப்புநீர் நோய், விரதம் தாங்காது என்றார். அம்மா விமலாவுக்கு இரத்தக் கொதிப்பு. கடைசியில், வீட்டிலேயே முதல் பட்டதாரி கட்டினால் அம்மனுக்கே பெருமை என்று கோயில் தலைவர் சுகுமாரன் மைக்கில் சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். அந்த முதல் பட்டதாரியின் பட்டமளிப்புப் படம் இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை. சுவரெல்லாம் பவித்ரன்.

காப்பு கட்டிய மறுநாள், கடல் தாண்டி சரவாக்கில் இருக்கும் கூச்சிங்கிலிருந்து அழைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை. திங்கட்கிழமை வராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வார்களாம்.

ஆனால் காப்பு கட்டியவர்கள் எல்லை தாண்டக் கூடாது. எந்த எல்லை என்று புனிதா கேட்டபோது கோயில் நிர்வாகத்தில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ரப்பர் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியாயிற்று. எல்லைக்கல் நின்ற இடத்தில் பேரங்காடிக்கு வருபவர்கள் கார் நிறுத்துகிறார்கள். கோயில் மட்டும் ஓர் ஓரமாக மிஞ்சியிருந்தது. எல்லாரும் ஈப்போவில் வேலைக்குப் போக வேண்டுமே என்று நிர்வாகம் கூடி எல்லையை ஜெலாப்பாங் டோல் சாவடிக்குத் தள்ளி வைத்தது. சுகுமாரனின் மகளுக்கு, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் தாப்பாவில் பரிசம் போட்ட வருடம், அம்மனின் எல்லை தாப்பா வரை நீண்டது.

"தலைவர் வீட்டு விசேஷத்துக்குத் தாப்பா வரைக்கும் போன எல்ல, எனக்குக் கூச்சிங் வரைக்கும் வராதாப்பா?"

"சாமி விஷயத்துல லாயர் மாதிரி பேசாதலா."

வேலை எங்கே ஓடிவிடப் போகிறது என்றார். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு அவசரம் எதற்கு என்றார். அண்ணன் உயிர் பெரிதா, சரவாக் சம்பளம் பெரிதா என்று கேட்டுவிட்டு, நல்ல கேள்வி கேட்டுவிட்டவர் போல மீசையைத் தடவிக்கொண்டார்.

"அண்ணனுக்குக் கடலே ஒத்துக்காது. அது தெரியுமா உங்களுக்கு?"

உடையப்பன் நிமிர்ந்தார்.

"கப்பல் ஏறுன நாள்லேருந்து வாந்தி. எனக்குத்தான் போன் போட்டு அழுவான். இஞ்சி மிட்டாய் வாங்கி அனுப்பிக்கிட்டு இருக்குறது நான்."

என் பிள்ளைக்குக் கடல்தான் தொட்டில் என்று போன வாரம்தான் அவர் கோயில் மேடையில் முழங்கியிருந்தார். அந்தப் பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியே பல மாதமாகிறது. யாராவது கேட்பதற்கு முன்னால், நடுக்கடலில் லைன் கிடைக்காது என்று அவரே முந்திக்கொள்வார். போன விடுப்பில் பவித்ரனுக்குச் சீருடையை மாட்டிவிட்டு, பொண்ணு மாப்பிள்ளை பெயர்கூடத் தெரியாத கல்யாணங்களுக்கெல்லாம் இழுத்துப் போய் மேடையேற்றினார். அவனுக்கு விடுப்பு முழுக்கத் தூக்கம் கிடைத்தது திரும்பிப் போன பஸ்ஸில்தான்.

விமலா சமையலறையிலிருந்து வந்தாள். சண்டையை நிறுத்திவிட்டு ஒரு வாய் சாப்பிடச் சொன்னாள். மகளின் அறையை எட்டிப் பார்த்தவள், பெட்டியைக் காணோமே என்றாள். புனிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எத்தன மணிக்குமா பஸ்ஸு?"

"பஸ்ல போகலம்மா."

தையல் மெஷின்மேல் கிடந்த கத்திரிக்கோலை எடுத்தாள். நூல் ஒரே வெட்டில் அறுந்தது. மஞ்சள் கிழங்கு தரையில் உருண்டு வர, அம்மன் பக்தர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்.

புனிதா அம்மாவை மட்டும் கட்டிக்கொண்டாள். வாசலில் உட்கார்ந்து காலில் சப்பாத்து மாட்டினாள். அப்போதுதான் உடையப்பன் எழுந்து வந்தார். வந்ததும் குரலை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எட்டும்படி உயர்த்தினார். நாலு பேர் கேட்காவிட்டால் அவருக்குக் கோபம்கூடச் சரியாக வராது. படிக்க வைத்ததுதான் தன் தப்பு என்றார். இனி இந்த வீட்டுப் படியை மிதிக்காதே என்றார். அவள் கேட்டைத் திறந்தாள்.

"போடி, போ! அங்க நடுக்கடல்ல உங்கண்ணனுக்கு ஒன்னு ஆச்சுன்னா, அந்தப் பாவம் உன் தலையிலதான்!"

புனிதா தெருவில் இறங்கினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கத்தாதீங்கப்பா, பயிற்சி முடிஞ்சு வந்து அண்ணன் வெளிய கார்லதான் உக்காந்திருக்கான்."