சீமைத் திராட்சரசம்

விடுமுறைக்குப் பட்டணத்திலிருந்து வந்திருந்த வேதசிரோமணி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தங்கை பரிபூரணம் போட்டிருந்த திராட்சைத் தோட்டத்தில் அவளோடு நடந்தான். பந்தலெங்கும் கருங்குலைகள் தொங்கின. பின்னால் நீலமாய் மலை.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணுல வெளஞ்சது புளிக்கத்தான் செய்யும். அப்பா நெலத்த வீணாக்காத. பருத்தி போட்டா ராஜபாளையம் மில்லுல அம்புட்டையும் வாங்கிக்கிடுவான்."

"ஒண்ணே ஒண்ணு தின்னு பாரு அண்ணே."

"வேண்டாம்ட்டி. காலையில நற்கருணையில குடுத்தாகளே, அதுல்லா திராட்சரசம்! யுத்தத்துல கப்பலே வரல. அப்பிடியும் நம்ம போதகர் ஐயரு எங்கேயோ சீமை ரசம் வாங்கியிருக்காரு பாரு. இன்னும் நாக்குல இனிக்கு."

பரிபூரணம் சரிந்து கிடந்த ஒரு கொடியை எடுத்துப் பந்தலில் ஏற்றிவிட்டாள்.

"நாளைக்கே பந்தலப் பிரிக்க ஆள் வரச்சொல்லுதேன்" என்றான்.

அப்போது வேலிப்படலைத் திறந்துகொண்டு போதகர் வந்தார். கையில் காலி ஜாடி.

"பரிபூரணம், நீ போட்டுக் குடுத்த ரசம் இன்னைக்கோட தீந்துட்டும்மா. அடுத்த மாசத்துக்கும் நீதான் தரணும்."

வேதசிரோமணி ஜாடியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு அவன் கை மெல்ல ஒரு குலையை நோக்கி நீண்டது.

"வேண்டாம் அண்ணே, புளிக்கும்" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டு, ஜாடியை வாங்கிக்கொண்டாள் பரிபூரணம்.