மெஷினுக்கு வாத்தியார்

"அம்மா, பச்சைக்காயையும் சேத்துப் பறி. பழத்தை நல்லா நசுக்கிப் போடு," என்று மகள் கிசுகிசுத்தாள்.

தாயின் கை தக்காளிச் செடியிலேயே நின்றது. முப்பது வருஷமாக ஒரு பழத்திலும் நகம் படாமல் பறித்த கை. அவள் நெற்றியில் பட்டை போட்டுக் கட்டிய ஒரு கேமரா. வரிசையில் இருந்த பதினெட்டுப் பெண்களுக்கும் காலையில் அப்படித்தான் கட்டிவிட்டார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், பறிக்கும் மெஷின் ஒரு வாரமாக உறுமிக்கொண்டிருந்தது. சும்மா ஓட்டிப் பார்க்கிறார்களாம்.

"நெசமாத்தான் சொல்றியாடி?"

"நம்ம கையைப் படம் புடிச்சுத்தான்மா அது தொழில் கத்துக்குது. நம்ம சோத்துல மண்ணைப் போடப்போற மெஷினுக்கு நாமளே வாத்தியாரா? தப்பாச் சொல்லிக்குடுப்போம். குப்பையா அள்ளும், தூக்கிக் கடாசிடுவாங்க."

"பட்டம் வாங்கின புள்ள சொல்லுது, கேளுங்கடி!" என்றாள் பக்கத்து வரிசைக் குண்டு அக்கா. "நான் ரெண்டு பழத்து மேல உக்காந்தே எந்திரிச்சுட்டேன்."

சிரிப்பு வரிசை முழுக்க ஓடி, சட்டென்று அடங்கியது. சூப்பர்வைசர் வந்துகொண்டிருந்தார். கூடைக்குள் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது? கையில என்ன, புண்ணா?"

"வயசாகுதுல்ல சார்," என்றாள் தாய்.

மூன்று நாள் இப்படியே போனது. வேலை போய்விட்டால் வேறு எங்கே நிற்பது என்று தாய்க்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"கேமராவைக் கழட்டிக் குடுங்க. நாளையிலேருந்து யாரும் வர வேண்டாம். மெஷினை வாங்கியாச்சு."

மகள் முன்னால் பாய்ந்தாள். "எப்படி சார்? அதுக்குத்தான் பறிக்கவே தெரியாதே!"

"ஆமா, சுமார்தான். நூத்துக்குப் பதினஞ்சு நசுங்குது. ஆளுங்களை விட நல்லாப் பறிச்சாத்தான் வாங்குவேன்னு மொதலாளி ஒத்தக்கால்ல நின்னாரு. அதை ஒப்பிட்டுப் பாக்கத்தான் கேமரா கட்டினோம். முன்னாடியே சொன்னா ஜாக்கிரதையாப் பறிச்சிடுவீங்கன்னு சொல்லல. உங்க கையில நூத்துக்கு நாப்பதும்மா!"