காலியாக் கிடந்த இடம்

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க தம்பி. மீதியை நான் பார்த்துக்கிறேன்."

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேனேஜர், கவுண்டர் கம்ப்யூட்டரைப் பார்க்க சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்திருந்த டேட்டாபேஸ்காரனிடம் பேச்சையே இப்படித்தான் ஆரம்பித்தார்.

மீதி என்றால் கவுண்டரில் பேர் பதிகிற பெண்மணி. நிலையத்தில் எல்லோரும் அவளுக்கு வைத்திருந்த பட்டம் ரேடியோ அக்கா. வரிசை வாசல் வரைக்கும் நிற்குமாம், இவள் சாவகாசமாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாளாம். வாராவாரம் சர்க்கரை பார்க்க வருகிற ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், வெறும் வயிற்றோடு வந்தவனை நிற்கவைத்துக் குடும்பக் கதை கேட்கிறாள் என்று மேனேஜர் ரூமுக்கே போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்.

மெஷின் நன்றாக இருக்கிறது என்று இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்காவுக்கு நாளைக்கு வேலை இல்லை. அந்த வேலையை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது மேனேஜருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

மேனேஜர் சொன்னதில் பொய் இல்லை. பேரை அடித்து, சேவ் பட்டனைத் தட்டியதும் அக்கா எதிரில் நிற்கிறவரைப் பிடித்துக்கொண்டாள். மூட்டுவலி தேவலையா, பையன் ஒழுங்காகப் படிக்கிறானா, மருமகள் முழுகாமல் இருந்தாளே, எத்தனை மாசம் என்று வாய் ஓயவில்லை. வரிசைக் கடைசியில் அந்த வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டிருந்த இவனுக்கே எரிச்சலாக வந்தது.

வாத்தியார் முறை வந்தபோதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது.

"ஐயா, பேத்தி வேலை விஷயம் என்ன ஆ..." என்று ஆரம்பித்த அக்கா, உறைந்து நின்ற ஸ்க்ரீன் அசைந்ததும் பேச்சை அப்படியே விட்டுவிட்டாள். டோக்கனை நீட்டி, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அவள் பேசுவதால் மெஷின் நிற்கவில்லை. மெஷின் நிற்கிறபோதெல்லாம் அவள் பேசுகிறாள்.

அவன் சர்வரைத் திறந்து பார்த்தான். எந்தப் பதிவானாலும் முதலில் லாக் என்கிற ஃபைலில் எழுதியாக வேண்டும். அந்த ஃபைலோ சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது. நிரம்பியதும் கொஞ்சூண்டு வளரும். வளர்ந்து முடிகிற வரைக்கும் கவுண்டரில் எல்லாம் சிலையாக நிற்கும். நாலு பேர் முடிந்ததும் திரும்ப நிரம்பும். நாள் பூரா இதே கூத்து.

"தினம் இவ்வளவு வளருதே, அப்புறம் ஏன் சார் இது இன்னும் குட்டியாவே இருக்கு?"

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "காலையில வந்ததும் அதைச் சுருக்கி விடறதுதான் என் முதல் வேலை. ராத்திரி பேக்கப் ஆனதும் பாதிக்கு மேல காலியாக் கிடக்கும். எதுக்கு வீணா இடத்தை அடைச்சுக்கிட்டு? எனக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும் தம்பி."

"அது வீண் இல்ல சார், அடுத்த பதிவு வந்து உட்கார வேண்டிய இடம். நீங்க தினமும் ரூமை இடிச்சிடறீங்க, விருந்தாளி வாசல்ல வந்து நின்னப்புறம் கட்ட ஆரம்பிக்குது மெஷின்."



ஒரு நாள் கூட்டத்துக்கு லாக் எவ்வளவு தேவை என்று பார்த்து, அதற்கு மேலும் தாராளமாக இடத்தை முன்கூட்டியே ஒதுக்கினான் அவன். அடிக்கடி பேக்கப் எடுத்து, எழுதி முடித்த இடம் திரும்பவும் பயன்படும்படி செய்தான். இனிமேல் சுருக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"அப்போ காலையில வந்ததும் நான் என்னதான் செய்யறது?" என்றார் மேனேஜர் பரிதாபமாக.

"அக்காவுக்கு ஒரு வணக்கம் வைங்க சார்."

வேலை போகவில்லை என்று தெரிந்ததும் அக்கா விட்ட பெருமூச்சில் மேஜை மேல் இருந்த டோக்கன்கள் பறந்தன. மெஷின்தான் நிற்கிறது என்று சொல்லியிருந்தால் இந்தப் பழியே வந்திருக்காதே என்று அவன் கேட்டான். மேனேஜரிடம் சொன்னாளாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் பழமொழி சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"சரி, வரிசையில நின்னவங்க கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படித் தம்பி சொல்றது? என்ன நோயோன்னு பயந்துக்கிட்டு வர்றவங்க. மெஷின் நின்னுடுச்சுன்னா ரிசல்ட்டும் தப்பா வருமோன்னு இன்னும் பயப்படுவாங்க. என்னைத் திட்டிட்டுப் போகட்டும், பயமில்லாம போனாச் சரி."

அடுத்த வாரம் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவன் திரும்ப வந்தான். வரிசையே இல்லை. அக்கா நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் வாத்தியார் உள்ளே வந்தார். பேரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் டோக்கன் அவர் கைக்கு வந்துவிட்டது.

மேனேஜர் ஓடி வந்தார். "பார்த்தீங்களா ஐயா, உங்க புகாருக்கு அப்புறம் ஒரு வார்த்தை அநாவசியமாப் பேசறதில்ல."

வாத்தியார் தலையை ஆட்டினார். ஆனால் நகரவில்லை. டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் ரூமுக்குள் போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, கவுண்டர் பக்கம் மெதுவாகக் குனிந்தார்.

"ஏம்மா, போன வாரம் என் பேத்தி சங்கதியைப் பாதியில விட்டுட்டியே. மீதியைக் கேக்கறதுக்கு உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"