துபாய்ப் பூனை

“தீவாளிக்குப் பூனையோட வர்றேம்மா” என்று மகன் சூர்யபிரகாஷ் துபாயிலிருந்து போனில் சொன்னதும் பொன்னுத்தங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பில் ஒரு முடிகூட இல்லாத வெளிநாட்டுப் பூனை அது. போட்டோவில் பார்த்திருக்கிறாள்.

“உரிச்ச கோழி மாதிரி இருக்கு. நம்ம நாரணாபுரத்து வெடிச் சத்தத்துல அதை எதுக்குலே இழுத்துட்டு வாரே? வருசாவருசம் லீவு முடிஞ்சதும் என்னை அழவிட்டுப் போயிர்றே. அதையும் விட்டுட்டுப் போவியா?”

“அதைக் கொண்டுவர கவர்மெண்டு அனுமதி வாங்கிட்டேம்மா. லேசுல தரமாட்டாக.”

“லீவுல வாரவனுக்கு அது ஒண்ணுதான் குறைச்சலாக்கும்!”

“லீவுல வாரவுகளுக்குத் தரமாட்டாகம்மா. அங்கன வேலையை விட்டுட்டு, ஒரேயடியா ஊருக்கு வாரவுகளுக்குத்தான் தருவாக.”

 பொன்னுத்தங்கம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அது நெத்திலி திங்குமாலே?”