எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?

"இந்த வீட்ல ஆன்டிவைரஸ் எதுவும் போட வேண்டாம். கிளம்புங்க!"

கதவைத் திறந்ததும் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். கம்ப்யூட்டர் சர்வீஸ்காரருக்குச் சுருக்கென்றது. வரச் சொல்லி போன் வந்ததே இந்த வீட்டிலிருந்துதான்.

"நான்தான் வரச் சொன்னேன். நீங்க உள்ள வாங்க தம்பி," என்றார் பின்னால் நின்ற அவர் மனைவி.

கம்ப்யூட்டர் படுக்கையறை மூலையில் இருந்தது. பழசு. திறந்ததும் கேட்காமலே விளம்பரங்கள் வந்து குதித்தன. மவுஸை நகர்த்தினால், அம்பு அரை நிமிஷம் யோசித்துவிட்டு நகர்ந்தது.

"வைரஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்மா. இப்படியே விட்டா ஒருநாள் மொத்தமா படுத்துடும்."

"ஐயோ, படுக்கவே கூடாது தம்பி. வாரம் தவறாம என் பையன்கிட்டேருந்து மெயில் வரும். போன வாரம் திறக்கவே முடியலை. எதைப் போட்டா இது நின்னு போகாதோ, அதைப் போடுங்க."

"ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு லேசானது. ஃபைலை மட்டும் பார்க்கும். இன்னொண்ணு கெட்டி. மெயில் எங்கேருந்து வருது, யார் அனுப்பறாங்கன்னு அதையும் துருவிப் பார்த்துடும். போலின்னா சிவப்பு எழுத்துல காட்டிக் கொடுக்கும்."

"ஒண்ணும் துருவ வேண்டாம்!" வீட்டுக்காரர் பாய்ந்தார். "என் வீட்டுக் கம்ப்யூட்டரை எவனோ எதுக்கு நோண்டணும்?"

"அவர் சொல்றபடியே செய்ங்க தம்பி," என்றார் அந்த அம்மா சட்டென்று. "நான் போய் டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

பாவம், வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டார் சர்வீஸ்காரர். பத்தொன்பது வருஷத்தில் இப்படிப் பதறுகிற எத்தனை கணவன்மார்களைப் பார்த்திருக்கிறார்! மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

வேண்டுமென்றே அந்தக் கெட்டியானதையே ஏற்றினார். வீட்டுக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பின்னாலேயே நின்றார்.

ஏறி முடித்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு மெயில் கணக்குகள் இருக்கின்றன, இரண்டையும் பாதுகாக்கவா?

ஒன்று அந்த அம்மாவின் பெயரில். இன்னொன்று, அவருக்கு வந்திருந்த மெயில்களில் எல்லாம் வரிசையாக நின்ற பெயர். மகனுடைய பெயர்.

"பையன் கணக்கு இதுல எப்படி சார்?"

வீட்டுக்காரர் போய்க் கதவைச் சாத்தினார்.

"மெல்லப் பேசுங்க. அவளுக்குக் கேட்டுடும்."

கட்டிலில் உட்கார்ந்தார். சற்று முன் கத்திய ஆள் இவர்தானா என்று இருந்தது.

"பையன் எழுதலை. நான்தான் எழுதறேன்."

சர்வீஸ்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"நாலு வருஷம் முன்னாடி ஒரு சண்டை. இனிமே என் வாசப்படியை மிதிக்காதேன்னுட்டேன். ரோஷக்காரன், மிதிக்கலை. போன் நம்பரையும் மாத்திட்டான். அப்புறம் எனக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில பதினாறு நாள். திரும்பி வந்து பார்த்தா, இவ ஆளே பாதியா இருக்கா. சோறு இறங்கலை. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவா. கேட்டா, பையன் ஞாபகம்னு சொன்னா."

சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"துரத்தினவன் நான்தானே? தெரிஞ்சவங்களுக்கெல்லாம் எழுதித் தேடினேன், தகவலே இல்லை. கடைசியில அவன் பேர்ல நானே ஒரு கணக்கு ஆரம்பிச்சேன். 'அம்மா, நல்லா இருக்கேன்'னு ரெண்டே வரி. அன்னிக்குத் தட்டுல போட்டதைச் சாப்பிட்டா. அதுக்கப்புறம் எப்படி நிறுத்தறது? ஒவ்வொரு மெயில்லயும், 'அப்பாவைப் பார்த்துக்கோம்மா'ன்னு எனக்கு நானே எழுதிக்கறேன் தம்பி. கேவலமா இல்ல?"

சர்வீஸ்காரர் மறுபடி மவுஸைப் பிடித்தார். ஏற்றியதை அப்படியே நீக்கினார். லேசானதைப் போட்டு, இருக்கிற வைரஸை வழித்து எடுத்தார். மெயில் பக்கமே போகவில்லை. அந்த அம்மா கொண்டுவந்த டீயை அவர் முகத்தைப் பார்க்காமலே குடித்துவிட்டு எழுந்தார்.

வாசல்வரை அந்த அம்மா கூடவே வந்தார்.

"இனிமே நின்னு போகாதுல்ல தம்பி?"

"போகாதும்மா. உங்க பையன் மெயில் தவறாம வரும்." பொய் இத்தனை சுலபமாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வரணும். அதை உட்கார்ந்து எழுதற நேரம் மட்டும்தான் அவர் நெஞ்சைப் பிடிச்சுக்காம இருக்கார்."

சர்வீஸ்காரர் செருப்பில் பாதிக் கால் நுழைத்தபடி நின்றுவிட்டார்.

"அம்மா… உங்களுக்குத் தெரியுமா?"

"அவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எனக்கு ஒரு போன் வந்தது. பையனோட ஒரே ரூம்ல தங்கியிருந்தவர் பேசினார். ஏதோ விபத்தாம். அடக்கம் பண்ணி மூணு நாளாச்சுன்னார்." கேட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. "அதிர்ச்சியான சேதி எதையும் அவர் காதுல போடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. இன்னிக்குவரைக்கும் போடலை. மெயிலெல்லாம் அதுக்கப்புறம்தான் வர ஆரம்பிச்சுது."

உள்ளே இருந்து வீட்டுக்காரரின் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"ஏம்மா, சீக்கிரம் வா! பையன் மெயில் போட்டிருக்கான்!"

அந்த அம்மா முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இதோ வந்துட்டேங்க! என்னவாம், நல்லா இருக்கானாமா?" என்று சிரித்தபடி உள்ளே ஓடினார்.