தை வரைக்கும்

கிருஷ்ணசாமி வக்கீல் அன்றைக்குக் கறுப்புக் கோட்டு போடாமல் உத்திரமேரூர் கோர்ட்டுக்கு வந்தார்.

புழுக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். ஐப்பசி வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு கிடந்தது.

அவர் வந்து இறங்கியது பெருமாளின் காரிலிருந்து. எங்கள் சுடுகாட்டுப் பாதையை மடக்கி நெல் நட்டிருக்கிறவர்தான் பெருமாள். வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்திருப்பார் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். நம்புவது என்று வந்துவிட்டால் நாங்கள் அரைகுறையாக நம்புவதில்லை.

பாதையை மீட்டுத் தரச் சொல்லி ஊராட்சித் தலைவர் மேல் காலனிக்காரர்கள் நாங்கள் வழக்குப் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கிருஷ்ணசாமிதான் எங்கள் வக்கீல். முதல் வாதி சேட்டு, அதாவது நான். இரண்டாவது ஜெயம்மாள் அக்கா.

போன மழையில் என் அப்பாவை இடுப்பளவுச் சேற்றில் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு தடவை கீழே விட்டோம்.

இந்த மழைக்கு யார் என்பதும் தெரிந்துதான் இருந்தது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்காவின் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பி நாலு நாள் ஆகியிருந்தது.

ஒன்பது வருஷத்தில் தலைவர்கள் மாறினார்கள். வந்தவர்கள் எல்லோரும் வாய்தா கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கிருஷ்ணசாமி எழுந்து அதே வார்த்தையைச் சொல்வார்.

"பொணம் வாய்தா கேக்காதுங்க, ஐயா."

கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

இந்த முறை தேர்தலில் அவரே நின்றார். கோர்ட்டு உத்தரவு போட்டாலும் பாதையைப் போட வேண்டியவர் தலைவர்தானே, அந்த நாற்காலியில் என்னை உட்கார வையுங்கள் என்றார். எங்களுக்கு நியாயமாகப் பட்டது. செங்கல் சூளைக்குப் போயிருந்தவர்களைக்கூட வரவழைத்து ஓட்டுப் போட வைத்தோம். எண்பது ஓட்டில் ஜெயித்தார். முதல் மாலை நான்தான் போட்டேன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் அவருடைய ஜூனியர் ரேவதி எழுந்தார். கிருஷ்ணசாமி எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

வழக்கு தலைவர் நாற்காலி மேல், ஆள் மேல் இல்லை. எங்கள் வக்கீலை நாங்களே எதிர்வாதியாக்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாதையைத் தருகிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு வழக்கு முடிந்தது.

தலைவர் என்ன சொல்கிறார் என்று நீதிபதி கேட்டார்.

இப்போதுதான் பொறுப்பேற்றிருக்கிறேன், பதில் சொல்ல வாய்தா வேண்டும் என்றார் கிருஷ்ணசாமி.

ஆட்சேபணை உண்டா என்று நீதிபதி எங்கள் பக்கம் திரும்பினார். ரேவதி தன் சீனியரைப் பார்த்தார். பிறகு இல்லை என்றார்.

ஜனவரி இருபத்தொன்று என்று தேதி கொடுத்தார்கள். தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

வெளியே தூறல் பிடித்திருந்தது. ஜெயம்மாள் அக்கா நேராகப் போய்ப் பெருமாளின் கார் ஓரமாக நின்றார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

உள்ளே உட்கார்ந்திருந்த கிருஷ்ணசாமி கார்க் கண்ணாடியை இறக்கினார். அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார்.

"தை வரைக்கும் பொறுத்துக்கினு இருய்யான்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடறேன், வக்கீலய்யா."